நட்சத்திரம் இட்ட பேச்சு

அத்தியாயம் 9

முதலில் மணி அடித்தது. சின்ன மணி, லேசாகக் கீறல் விழுந்த குரல். அது அடங்கிக் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இரும்புக் கதவு மெல்ல மூடியது. வெளியே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

யோகேந்திரன் ஓடிப்போய்க் கதவில் கையால் அறைந்தார்.

“ஆரது? உள்ளுக்கை ஆக்கள் நிக்கிறம்!”

இன்னும் இரண்டு அறை அறைந்துவிட்டுக் கையை உதறிக்கொண்டு திரும்பினார்.

“இத்தனை வருசம் டாக்ஸி ஓட்டினனான், தங்கச்சி. ஆக்கள் கதவைத் திறந்துகொண்டு ஓடியிருக்கினம். என்னை உள்ளுக்கை வைச்சுப் பூட்டினது இதுதான் முதல் தரம்.”

“ஃபோன் எடுக்குதா பாருங்க, அண்ணை” என்றாள் அனுசூயா.

“சிக்னல் ஒரு கோடும் இல்லை. என்ர மனிசி எடுத்தாலும் கிடைக்காது. அது ஒண்டுதான் ஆறுதல்.”

பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு புடவைக் கடைக்குக் கீழே இருந்த நிலவறை அது. சுவர்கள் தெரியாதபடி புத்தக அலமாரிகள். தலைக்கு மேல் வெந்நீர்க் குழாய்கள் ஓடின. வெளியே பிப்ரவரிக் குளிர் காதைக் கடித்துக்கொண்டிருக்க, உள்ளே எல்லோருக்கும் வியர்த்தது. தெருவோடு ஒட்டி, கூரைக்கு அருகில் ஒரே ஒரு கண்ணாடி ஜன்னல். அனுசூயா நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி அதைத் திறக்கப் பார்த்த நேரத்தில், பனி தள்ளும் வண்டி தெருவில் உறுமிக்கொண்டு போனது. ஜன்னலின் மேல் வெள்ளையாக ஒரு பாரம் சரிந்தது. இருந்த பகல் வெளிச்சமும் போய்விட்டது. மிஞ்சியது ஒரு பல்ப் மட்டும்.

“முனிசிப்பாலிட்டியும் சேர்ந்துதான் செய்யுது” என்றார் யோகேந்திரன்.

அனுசூயா நாற்காலியிலிருந்து இறங்கினாள். முன்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கோரிக்கைகளைத் துருவிக்கொண்டிருந்தவள். இப்போது நகரின் இன்னொரு மூலையில், அஹுன்ட்சிக்கில், ஒரு மாடி அறையில் தனியாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். முழங்கால் தேய்ந்து டாக்ஸியை விட்ட யோகேந்திரன் அவளுடைய உதவியாளர். அவள் கார் ஓட்டத்தெரியாதவள், அவர் வாய் மூடத்தெரியாதவர். பொருத்தம் இதுவரை கெடவில்லை.

அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அலமாரிக்கு முன்னால் கனத்த புத்தகம் ஒன்றைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு நின்றவன் பிரணவன். மேசைக்கு அருகில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தவர் பேராசிரியர் பாலகிருஷ்ணன்.

மணி அடித்தபோது மற்ற மூவரும் கதவைத்தான் பார்த்தார்கள். பேராசிரியர் மட்டும் தன் கைகளைப் பார்த்தார். அனுசூயா அதை மனதில் ஓரமாக எடுத்து வைத்தாள்.

“அஞ்சு மணிக்குக் கமிட்டி” என்றார் அவர். “நான் போயாகணும்.”

“நாங்களும்தான் சார் போகணும். அதுக்கு முன்னாடி வந்த வேலையை முடிச்சிடலாமே” என்றாள் அனுசூயா.

வந்த வேலை ஒரு பேச்சு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் ஹாஸ்விக் என்றொரு உறுப்பினர் இருந்தார். மந்திரியானவர் இல்லை, பெரிய பேரும் எடுத்தவர் இல்லை. இந்தியாவின் உப்பு வரியிலிருந்து சபை மண்டபத்தின் காற்றோட்டம் வரைக்கும், எந்த விவாதம் வந்தாலும் எழுந்து நாலு வார்த்தை சொல்லிவிட்டு உட்காருகிறவர். அந்த விவாதங்களின் அச்சுப் பதிவுக்கு ஹான்சார்ட் என்று பெயர். ஒரு நூலகம் வேண்டாம் என்று கழித்துவிட்ட அந்தத் தொகுதிகளைத்தான் பேராசிரியர் இந்த நிலவறையில் அடுக்கி வைத்திருந்தார். ஹாஸ்விக்கின் பேச்சுகளையெல்லாம் திரட்டி ஒரே நூலாகக் கொண்டுவருவது அவருடைய வாழ்நாள் வேலை. தட்டச்சு செய்து கொடுத்தவன் அவருடைய ஆய்வு மாணவன் பிரணவன்.

நூல் அச்சுக்குப் போகும் நேரத்தில் அதில் ஒரு போலிப் பேச்சு இருப்பதாகப் பேராசிரியரே அறிவித்தார். பிரணவன்தான் செய்தான் என்று பல்கலைக்கழகத்தில் புகாரும் கொடுத்துவிட்டார். இன்று கமிட்டி முடிவு செய்யும். குற்றம் உறுதியானால் பட்டம் போகும். வேறு மாகாணத்தில், ஹாலிஃபாக்ஸில், கிடைத்திருக்கும் ஆசிரியர் வேலையும் போகும். வசந்தத்தில் நடக்க இருந்த கல்யாணமும் போகும். ஏனென்றால் மணப்பெண் பேராசிரியரின் ஒரே மகள் ஸ்ரீலேகா.

அவள்தான் அழுத கண்ணோடு அனுசூயாவிடம் வந்தவள். “எனக்கு ரெண்டு பேரும் வேணும் ஆன்ட்டி. யார் பொய் சொல்றாங்கன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க” என்று கேட்டாள். கமிட்டிக்கு முன்னால் கடைசியாக ஒருமுறை மூலப் புத்தகத்தை எல்லோரும் சேர்ந்து பார்க்கட்டும் என்று அப்பாவைக் கெஞ்சி இங்கே வரவழைத்ததும் அவள்தான்.

பிரணவன் புத்தகத்தை மேசையில் வைத்துத் திறந்தான்.

“இந்த இடத்திலைதான் அந்தப் பேச்சு இருக்கு எண்டு எங்கட நூலிலை போட்டிருக்கு. ஆனா இதிலை ஸ்காட்லாந்து மீன்பிடியைப் பற்றித்தான் கதைக்கினம். ஹாஸ்விக் அண்டைக்கு வாயே திறக்கேல்லை.”

“அதைத்தானே நானும் சொல்றேன்” என்றார் பேராசிரியர். அவர் பிரணவன் பக்கம் திரும்பவில்லை. “போலின்னு. நீங்களே படிங்கம்மா. யாருக்கு இப்படி எழுதத் தோணும்னு உங்களுக்கே புரியும்.”

அனுசூயா அந்தப் பேச்சை அச்செடுத்த தாளைப் பல்புக்கு நேராகப் பிடித்துத் தமிழாக்கி வாசித்தாள். “‘இலங்கையின் வடக்கே யாழ்ப்பாணத்தில் வாழும் மக்களைப் போல் உழைப்பும் நேர்மையும் நிதானமும் உடைய மக்களை இந்தப் பேரரசின் எந்த மூலையிலும் நான் கண்டதில்லை.’”

“மனுசன் என்ர மச்சானைச் சந்திக்கேல்லைப் போல” என்றார் யோகேந்திரன்.

“யாழ்ப்பாணத்துப் பையன், யாழ்ப்பாணத்தைப் புகழ்ந்து எழுதிச் செருகிட்டான். இதுல துப்பறிய என்ன இருக்கு?” பேராசிரியர் கைக்கடிகாரத்தை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

“சேர், நான் செய்யேல்லை.” பிரணவன் அவர் பக்கம் ஓரடி எடுத்து வைத்தான். “எத்தினை தரம் சொல்லுறது? இப்ப வெளியிலை போனாலும் அவை என்னைக் கள்ளன் எண்டுதான் பாப்பினம். இந்த அறைக்கு வர முதலே நான் அடைபட்டுத்தான் நிக்கிறன்.”

குழாய்க்குள் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. யோகேந்திரன் கழுத்துத் துணியை அவிழ்த்துப் பிழிந்து பார்த்தார்.

“பிரணவன்,” என்றாள் அனுசூயா, “நானும் அண்ணையும் நீ தட்டச்சு பண்ணின ஃபைல் எல்லாத்தையும் பார்த்தோம்.”

“பார்த்தது தங்கச்சி. நான் பக்கத்திலை இருந்து நித்திரை கொண்டனான்.”

“இந்தப் போலிப் பேச்சுல மட்டும் ஒண்ணு இருக்கு. மத்த எதிலயும் இல்லை. ஹாஸ்விக் பேருக்கு முன்னாடி ஒரு சின்ன நட்சத்திரம். இது என்ன?”

பிரணவன் தாளை வாங்கிப் பார்த்தான்.

“ஓ, இதுவோ அக்கா. இது புத்தகத்திலையும் கன இடத்திலை கிடக்கும். ஏதோ அடிக்குறிப்புக்குப் போட்ட அடையாளம், கீழை குறிப்பு விடுபட்டுப் போச்சு எண்டு நினைச்சனான். வாசிக்கிற ஆக்களுக்குக் குழப்பம் எண்டு கண்ட இடமெல்லாம் எடுத்து விட்டனான். வடிவா, ஒண்டும் விடாமல்.”

நாற்காலி பின்னால் விழுந்தது. பேராசிரியர் எழுந்து நின்றிருந்தார்.

“எடுத்துட்டியா? எல்லாத்தையும்?”

“ஓம் சேர்...”

“முட்டாள்! அது என்ன தூசியா, துடைச்சுப் போடறதுக்கு? பேச்சை அச்சுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி, பேசின உறுப்பினருக்கே காட்டுவாங்க. அவர் உட்கார்ந்து திருத்திக் குடுத்திருந்தா பேருக்கு முன்னாடி ஒரு நட்சத்திரம். இது பேசினவரே பார்த்துத் திருத்தினதுன்னு அர்த்தம். மத்தவங்க எல்லாம் சோம்பேறிங்க. ஹாஸ்விக் மட்டும் ஒரு பேச்சைக்கூடத் திருத்தாம விட்டதில்லை. அந்த மனுஷனோட சுபாவமே அந்த நட்சத்திரத்துலதான் இருக்கு. அதைப் போய்... ஏன்டா என்னைக் கேக்கலை?”

“கேட்டால் ஏசுவியள் எண்டு பயம் சேர்.”

“நீங்க கவனிக்கலையா சார்?” என்று கேட்டாள் அனுசூயா, மிகச் சாதாரணமாக. “இத்தனை நாளா ரெண்டு பேரும் சேர்ந்து சரிபார்த்திருக்கீங்களே?”

“எனக்கு எங்கம்மா கண்ணு தெரியுது? புரை. ஆபரேஷனுக்கு நாள் குடுக்க மாட்டேங்கறாங்க. அவன் வாசிப்பான், நான் கேப்பேன். வார்த்தை மாறினா எனக்குத் தெரியும். நட்சத்திரம் எப்படிக் காதுல விழும்?” சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

அனுசூயா தாளை அவர் முன்னால் மேசையில் வைத்தாள்.

“அப்ப இந்த நட்சத்திரத்தைப் போட்டது யார் சார்?”

பேராசிரியர் தடவித் தடவி விழுந்த நாற்காலியை நிமிர்த்தினார். உட்காரவில்லை, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“அவனே... வேணும்னே போட்டிருக்கலாம்.”

“அர்த்தம் தெரியாம ஒருத்தன் எல்லா இடத்துலயும் அழிச்சிருக்கான். அழிச்சவன் பொய்யா எழுதற ஒரு பேச்சுல மட்டும் கொண்டுபோய் வைப்பானா? உங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஃபோல்டர். பெரிய எழுத்து வச்சா உங்களால தட்டச்சு பண்ண முடியும். யாழ்ப்பாணம், புகழ்ச்சி, எல்லாம் சரியாத்தான் வச்சிருக்கீங்க, யார் பார்த்தாலும் பிரணவனைத்தான் நினைப்பாங்க. ஆனா ஹாஸ்விக்கை நட்சத்திரம் இல்லாம நிக்க வைக்க உங்களுக்கு மனசு வரலை.”

பேராசிரியர் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார், மூச்சு முட்டுகிறவரைப் போல.

“ஹாலிஃபாக்ஸ் எவ்வளவு தூரம் தெரியுமா உங்களுக்கு?” என்றார் கடைசியில்.

அவரே தொடர்ந்தார்.

“அவ அம்மா போனதுக்கப்புறம் ஆத்துக்கு அந்தப் பக்கம், புரோசார்ட் வீட்ல நானும் அவளும்தான். காலையில ரேடியோ போடுவா. மாத்திரை எடுத்து வைப்பா. இவனுக்கு வேலை கிடைச்சிருக்குன்னு குதிச்சுக்கிட்டு வந்து சொன்னா. நானும் சிரிச்சேன். ராத்திரி பூரா உட்கார்ந்து யோசிச்சேன். ஒரு தப்பு இருந்தாப் போதும், அந்த வேலை தள்ளிப் போகும்னு நினைச்சேன். தள்ளித்தான் போகணும், அவ்வளவுதான். ஆனா துறைத் தலைவர் புகாரா எழுதிக் குடுங்கன்னார். எழுதினேன். கமிட்டின்னார். ஒவ்வொரு கதவாத் திறந்து உள்ளே போயிட்டேன். திரும்பி வர்ற வழிதான் எனக்குத் தெரியலை.”

பிரணவன் புத்தகத்தை மெல்ல மூடினான். அவன் முகத்தில் கோபத்தைத் தேடிய அனுசூயாவுக்கு அது கிடைக்கவில்லை. களைப்புத்தான் இருந்தது.

“சேர், நான் ஹாலிஃபாக்ஸிலை மூண்டு அறை வீடு பாத்தனான்” என்றான். “ஒண்டு உங்களுக்கு. புத்தகங்களுக்கு எவ்வளவு இடம் வேணும் எண்டு அளந்துகொண்டு போகத்தான் போன மாதம் இங்கை வந்தனான். ஸ்ரீலேகா உங்களுக்கு இன்னும் சொல்ல வேண்டாம் எண்டவ. பிறந்தநாளுக்குச் சொல்லுவம் எண்டு.”

பேராசிரியர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

“ஐயோ, கோதாரி” என்றார் யோகேந்திரன் மெதுவாக. அவருக்கு வேறு ஒரு பகடியும் வரவில்லை. திரும்பிப் போய்க் கதவின் பிடியை ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. “தங்கச்சி, கேஸ் முடிஞ்சுது. நாங்கள் இன்னும் முடியேல்லை. இதுக்குள்ளை அவிஞ்சு போவம். ஆர் எங்களைப் பூட்டினது? புடவைக் கடைக்காரரோ?”

“அது சாருக்குத் தெரியும்” என்றாள் அனுசூயா. “மணி அடிச்சப்ப நாம எல்லாரும் கதவைப் பார்த்தோம். சார் பார்க்கலை. பூட்டினப்புறமும் கதவுகிட்டப் போய்த் தட்டலை. கமிட்டிக்குப் போகணும்னு அவசரப்படறவர் தட்டியிருக்கணும். அது என்ன மணி, சார்?”

“எங்க வீட்டுப் பூஜை மணி.” கைகளுக்குள்ளிருந்து குரல் வந்தது. “ஒருநாள் கீழே போட்டுக் கீறல் விட்டுடுச்சு. அதுக்கப்புறம் பூஜைக்கு வைக்கலை. விளையாட்டுக்குத்தான்.”

“என்ன விளையாட்டு?”

“அந்தச் சபையில வாக்கெடுப்புன்னா மணி அடிப்பாங்க. மணல் கடிகாரத்தைக் கவுத்து வைப்பாங்க. மணல் இறங்கினதும் கதவுகளைப் பூட்டிடுவாங்க. ஹாஸ்விக் காலத்துல, உள்ளே மாட்டினவன் ஒரு பக்கம் வாக்களிச்சே ஆகணும். எனக்கு ரெண்டும் வேண்டாம்னு நழுவ முடியாது. ஞாயித்துக்கிழமை வெளியே சாப்பிடலாமா, வீட்லயான்னு தகராறு வந்தா நான் மணி அடிச்சுச் சாப்பாட்டு அறைக் கதவைப் பூட்டுவேன். லேகா சின்னப் பொண்ணு, உருண்டு உருண்டு சிரிப்பா.”

கதவுக்கு அப்பால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

“ஸ்ரீலேகா,” என்றாள் அனுசூயா கதவைப் பார்த்து, “எல்லாம் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு ஆன்ட்டி. ஸாரி. உங்களையும் அங்கிளையும் சேர்த்துப் பூட்டினதுக்கு. அப்பா பாதியில எழுந்து போயிடுவார்னு பயமா இருந்துச்சு. எதைக் கேட்டாலும் கமிட்டி பார்த்துக்கும்னு சொல்லிச் சொல்லியே...”

“கதவைத் திறம்மா” என்றார் பேராசிரியர்.

“முடியாதுப்பா. கேள்வியே இன்னும் வைக்கலை.” மூச்சை இழுத்து விட்டுக்கொண்டாள். “பிரணவ் மேல தப்பு இல்லைன்னு அப்பாவே கமிட்டி முன்னாடி நேர்ல போய்ச் சொல்லணும். இதுதான் கேள்வி. ஆமாவா, இல்லையா? உள்ளே இருக்கிற எல்லாரும் சொல்லணும்.”

“ஆமா” என்றாள் அனுசூயா.

“ஓம்” என்றார் யோகேந்திரன். “ரெண்டு தரம் சொல்லலாம் எண்டால் ரெண்டு ஓம்.”

பிரணவன் தயங்கினான். மேசையோரம் குனிந்து நின்ற மனிதரைப் பார்த்தான்.

“இல்லை” என்றான்.

“பிரணவ்!”

“இல்லை எண்டுதான் சொல்லுறன். சேர் புகாரைத் திருப்பி எடுத்தால் போதும். ஏதோ பிழை நடந்துபோச்சு எண்டு ஒரு வரி எழுதினால் காணும். அவரிட்டைப் படிச்ச ஆக்கள்தான் அங்கை இருக்கினம். அவையளுக்கு முன்னாலை இவர் நிண்டு சொல்லுறதை என்னாலை பாக்கேலாது.”

பேராசிரியர் தலையை நிமிர்த்தினார். அந்த மங்கலான கண்களால் முதல்முறையாகப் பிரணவன் நின்ற பக்கம் பார்த்தார்.

“ஆமா” என்றார். சத்தமாக, வகுப்பின் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில். “மூணு பேர் ஆமா, ஒருத்தன் இல்லை. தோத்துட்டே, பிரணவா. கதவைத் திற, லேகா. மணி ஆகுது.”

தாழ்ப்பாள் நகர்ந்தது. படிக்கட்டிலிருந்து குளிர்காற்று உள்ளே பாய்ந்தது. வாசலில் ஸ்ரீலேகா கையில் பூஜை மணியோடு நின்றாள். பேராசிரியர் அவள் கையிலிருந்த மணியை வாங்கி, நாக்கு ஆடாதபடி விரலால் பிடித்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதே பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். புகாரின் பிரதி. மேசையில் விரித்து, முகம் அதன்மேல் படுகிற அளவு குனிந்து, அடியில் தட்டச்சாகியிருந்த தன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தார். பேனாவால் அதன் முன்னால் ஒரு நட்சத்திரம் போட்டார். கோணலாக வந்தது. புகாரின் வரிகளைக் குறுக்கே அடித்துவிட்டு, கீழே பெரிய எழுத்தில் இரண்டு வரி எழுதினார்.

யோகேந்திரன் எட்டிப் பார்த்தார். “சேர், இந்தப் பூ கமிட்டிக்கு விளங்குமோ?”

“விளங்காது. அதனாலதான் நேர்ல போறேன்.”

“அப்ப வாங்கோ. கார் வாசல்லைதான் நிக்குது, பனி வண்டி அதையும் மூடிப் போடாட்டில்.”

படிகளில் பனி உறைந்து கிடந்தது. பேராசிரியர் முதல் படியில் நின்று கையை நீட்டினார். ஸ்ரீலேகா பிடிக்க வந்தாள். அவர் தலையசைத்து மறுத்துவிட்டுப் பிரணவன் பக்கம் கையைத் திருப்பினார். மற்றக் கையால் அந்தத் தாளை அவனிடம் கொடுத்தார்.

“கார்ல போகும்போது வாசி. எழுத்துப் பிழை இருந்தாச் சொல்லு.”

“சரி சேர்.”

“நட்சத்திரத்தையும் சேர்த்து வாசிக்கணும்” என்றார் பாலகிருஷ்ணன். “விடாதே.”